பிஎச்பியில் எனம்: ஒரு சிறு லைப்ரரியை நிறுவுவது முதல் வழியனுப்புவது வரை

திரையில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டிலும் ‘கோரிக்கை’ என்ற ஒரே சொல்தான். ஆனால் வார்_டம்ப் (ஒரு மதிப்பை அதன் நீளத்தோடு காட்டும் பிஎச்பி மொழியின் ஃபங்ஷன்) காட்டிய நீளம் ஒன்றுக்கு 24, மற்றொன்றுக்கு 27. அரை நாள் தேடி அலைந்த பிழை அந்த மூன்று பைட்டுகளில்தான் ஒளிந்திருந்தது.

பயிற்சி வகுப்புகளுக்குப் பெயர் பதிவு செய்யும் சிறிய செயலி அது. ஒவ்வொரு பதிவுக்கும் ‘கோரிக்கை’, ‘உறுதி’, ‘ரத்து’ என்ற மூன்று நிலைகளில் ஒன்று இருக்கும். கோரிக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நினைவூட்டு அஞ்சல் போக வேண்டும். சிலருக்குப் போகவே இல்லை. பிழைச்செய்தி கிடையாது, பதிவேட்டில் ஒரு வரியும் கிடையாது. அவர்களின் விவரங்கள் ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, பிறகு ஒருங்குறிக்கு மாற்றப்பட்டவை. மாற்றிய கருவி ‘கோ’ என்பதில் உள்ள குறியை ஒரே குறியாக எழுதாமல், முன்னால் ஒரு இரட்டைக் கொம்பாகவும் பின்னால் ஒரு காலாகவும் பிரித்து எழுதியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பிஎச்பிக்கு வேறு வேறு. ‘$நிலை === 'கோரிக்கை'’ என்ற நிபந்தனை பொய்யாகி, நிரல் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

சரங்களை, அதாவது வெறும் எழுத்துத் தொடர்களை, வைத்து நிலைகளைக் குறித்தால் இப்படித்தான் ஆகும். எந்தச் சரமும் எந்த இடத்திலும் நுழையலாம். தவறானது நுழைந்தால் கேட்க ஆளில்லை. எனம் அதைத்தான் தடுக்கிறது. எண்ணிச் சொல்லிவிடக்கூடிய சில மதிப்புகளை மட்டும் ஒரு வகையாக அறிவித்து, அவை தவிர வேறெதையும் உள்ளே விடாமல் இருப்பதே எனம்.

பிஎச்பி மொழியில் நெடுங்காலம் எனம் இல்லை. 2021 நவம்பர் 25 அன்று வெளிவந்த 8.1 பதிப்பில்தான் அது மொழிக்குள் வந்தது. அதற்கான முன்மொழிவை எழுதியவர்கள் லாரி கார்ஃபீல்டும் இலியா டோவிலோவும். அதுவரை அந்த இடத்தை நிரப்பியவை சிறு சிறு லைப்ரரிகள். அவற்றுள் பலரும் நாடியது மத்தியூ நப்போலி தொடங்கிய ‘மைசிலாப்ஸ் பிஎச்பி-எனம்’. எம்ஐடி உரிமத்தில் வரும் திறந்த மூல லைப்ரரி. அதன் மையம் ஒரே ஒரு கிளாஸ்தான். 8.1-க்கு முந்தைய பிஎச்பியில் ஓடும் செயலிகளைப் பராமரிப்பவர்களுக்கு இன்றும் இது தேவை. புதிய பதிப்புக்கு மாறப்போகிறவர்களுக்கும், எதிலிருந்து மாறுகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஒரு குறிப்பு. கீழே வரும் நிரல்வரிகளில் மொழியின் சாவிச்சொற்களையும் லைப்ரரியின் மெத்தட் பெயர்களையும் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஆனால் கிளாஸ், மாறிலி, மாறி ஆகியவற்றுக்கு நான் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களை அப்படியே தட்டலாம். பிஎச்பி அவற்றை முறையான பெயர்களாக ஏற்றுக்கொள்ளும்.

முதலில் தரவுத்தளத்தைப் பாருங்கள்

லைப்ரரியை நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நிலையைச் சேமிக்கும் நெடுவரிசையில் இப்போது என்னென்ன மதிப்புகள் இருக்கின்றன என்று, ஒவ்வொரு மதிப்பையும் ஒருமுறை மட்டும் பட்டியலிடும் டிஸ்டிங்க்ட் வினவல் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நெடுவரிசையை நேரடியாகக் கேட்காமல், ஹெக்ஸ் ஃபங்ஷனுக்குள் போட்டுக் கேளுங்கள். அப்போதுதான் பைட்டுகளின் அடிப்படையில் பட்டியல் வரும். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சரங்கள் இரண்டு வரிகளாக வந்து நிற்கும்.

மூன்று மதிப்புகளை எதிர்பார்த்துப் போவீர்கள். ஏழு வந்தால் வியப்பில்லை. கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டது, வெறும் சரம், யாரோ சோதனைக்காகப் போட்டுவிட்டு மறந்தது என்று எல்லாம் இருக்கும். இதை இப்போதே துப்புரவு செய்யுங்கள். எனம் வந்த பிறகு இவை ஒவ்வொன்றும் ஒரு விதிவிலக்காக (எக்செப்ஷன்) வெடிக்கும். அது நல்லதுதான், ஆனால் பயனர் முன்னால் வெடிக்க வேண்டியதில்லை.

நிறுவுதலும் அறிவிப்பும்

பிஎச்பி லைப்ரரிகளை நிறுவித் தரும் கருவி கம்போசர். செயலியின் கோப்புறையில் நின்று, ‘கம்போசர் ரிக்வயர்’ என்ற கட்டளையோடு லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் போதும். ‘மைசிலாப்ஸ்’ என்பதை எம், ஒய், சி, எல், ஏ, பி, எஸ் என்று இடைவெளியின்றித் தட்டி, ஒரு சாய்கோடு போட்டு, ‘பிஎச்பி-எனம்’ என்று முடிக்க வேண்டும். தனியாக எதையும் கம்பைல் செய்ய வேண்டாம். முன்பு எஸ்பிஎல்எனம் என்று ஒன்று இருந்தது. அதற்குச் சர்வரில் கூடுதல் நீட்சி ஒன்றை நிறுவ வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் இருந்தவர்களுக்கு அது எட்டாக்கனி. இந்த லைப்ரரி பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி அறிவிப்பு:

```
யூஸ் மைசிலாப்ஸ்\எனம்\எனம்;

ஃபைனல் கிளாஸ் பதிவுநிலை எக்ஸ்டெண்ட்ஸ் எனம்
{
    பிரைவேட் கான்ஸ்ட் நிலுவை = 'கோரிக்கை';
    பிரைவேட் கான்ஸ்ட் உறுதி  = 'உறுதி';
    பிரைவேட் கான்ஸ்ட் ரத்து   = 'ரத்து';
}
```

இதில் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது, ‘பிரைவேட்’. மாறிலியைப் பப்ளிக்காக விட்டால் ‘பதிவுநிலை::உறுதி’ என்பது ஒரு சரம், ‘பதிவுநிலை::உறுதி()’ என்பது ஒரு பொருள். அடைப்புக்குறியை மறந்தால் சரம் மீண்டும் நிரலுக்குள் புகுந்துவிடும். பிரைவேட் என்று அறிவித்துவிட்டால் அடைப்புக்குறியை மறந்த கணமே பிழை வரும். எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

இரண்டாவது, ‘ஃபைனல்’. இந்த லைப்ரரி ரிஃப்ளெக்ஷன் (ஒரு கிளாஸின் உள்ளமைப்பை நிரலே ஆராயும் வசதி) வழியாகத்தான் மாறிலிகளைப் படிக்கிறது. தாய் கிளாஸின் பிரைவேட் மாறிலிகள் சேய் கிளாஸுக்குத் தெரியாது. ஆகவே ஒரு எனத்திலிருந்து இன்னொரு எனத்தை வழிவருவித்தால் பாதி மதிப்புகள் காணாமல் போகும். அந்த வாய்ப்பையே அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, பெயரும் மதிப்பும் வேறாக இருக்கலாம். தரவுத்தளத்தில் ‘கோரிக்கை’ என்று ஏற்கெனவே ஆயிரம் வரிகள் இருக்கின்றன. அதை மாற்ற முடியாது. ஆனால் நிரலுக்குள் அந்த நிலைக்கு ‘நிலுவை’ என்று பெயர் வைத்தேன். பொருள் தெளிவு ஒரு காரணம். மற்றொன்று, ‘நிலுவை’யில் பிரிந்து எழுதப்படக்கூடிய குறி எதுவும் இல்லை. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றையும் ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். பிஎச்பி பெயர்களையும் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடுகிறது. மாறிலிக்குக் ‘கோரிக்கை’ என்றே பெயர் வைத்து, இரண்டு நிரலாளர்கள் இரண்டு விசைப்பலகை மென்பொருள்களில் தட்டினால், ‘அப்படி ஒரு மாறிலி இல்லை’ என்று பிழை வரும். மாறிலியோ கண்ணெதிரே இருக்கும். தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இந்த மூன்று குறிகள் இல்லாத சொற்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எடிட்டருக்கு ‘உறுதி()’ என்ற மெத்தட் இருப்பது தெரியாது. ஏனென்றால் அது எழுதப்படவே இல்லை. கால்ஸ்டாட்டிக் என்ற மாய மெத்தட் அதை ஓடும்போதுதான் உருவாக்குகிறது. கிளாஸுக்கு மேலே உள்ள குறிப்புரையில் ‘@மெத்தட் ஸ்டாட்டிக் பதிவுநிலை உறுதி()’ என்று ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வரி எழுதிவிட்டால், எடிட்டர் தானாகப் பெயரை நிரப்பித் தரும்.

வாசலில் மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துப்போக முடியும் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எனத்தை அறிவித்துவிட்டு, நிரலின் நடுவில் ஆங்காங்கே சரத்தை எனமாகவும் எனத்தைச் சரமாகவும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் எனம் வெறும் அலங்காரம். சரம் உள்ளே வரும் வாசல்கள் சிலதான்: தரவுத்தளத்திலிருந்து படிக்கும் இடம், இணையப் படிவம், வெளியிலிருந்து ஜேசன் வடிவில் வரும் தரவு. அங்கேயே மாற்றிவிட வேண்டும். அதைத் தாண்டி உள்ளே போவது பொருளாக மட்டுமே போக வேண்டும்.

```
$சரம் = நார்மலைசர்::நார்மலைஸ்($வரிசை['நிலை'], நார்மலைசர்::ஃபார்ம்_சி);
$நிலை = பதிவுநிலை::ஃப்ரம்($சரம்);
```

முதல் வரியில் உள்ள நார்மலைசர், பிஎச்பியின் ‘இன்ட்ல்’ (ஐ, என், டி, எல்) என்ற நீட்சியில் வருகிறது. பிரித்து எழுதப்பட்ட குறியை அது ஒன்றாகச் சேர்த்துவிடும். 27 பைட் ‘கோரிக்கை’ 24 பைட்டாக வெளியே வரும். சரம் முறையான யுடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் பொய் மதிப்பைத் திருப்பித் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் வரி காவலாளி. பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால் அன்எக்ஸ்பெக்டட்வேல்யூஎக்செப்ஷன் எழும். எந்த மதிப்பு, எந்த எனத்தில் இல்லை என்று செய்தியிலேயே இருக்கும். நான் முதலில் சொன்ன கதையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், நார்மலைசர் இல்லாமலேயே, தரவை ஏற்றிய அன்றே பிழை தெரிந்திருக்கும். அஞ்சல் வராதவர்கள் தொலைபேசியில் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

படிவத்திலிருந்து வரும் மதிப்புக்கு மட்டும் வேறு வழி. பயனர் தவறாக அனுப்பினால் செயலி நின்றுவிடக் கூடாது. பணிவாகச் சொல்ல வேண்டும். அங்கே இஸ்வேலிட் மெத்தட்டால் முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

சரத்துக்குப் பதில் எண்ணை மதிப்பாக வைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லைப்ரரி மதிப்புகளைக் கண்டிப்பான முறையில் ஒப்பிடுகிறது. 1 என்ற எண்ணும் '1' என்ற சரமும் அதற்கு வேறு. பிஎச்பி 8.1-க்கு முன்பு, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும்போது பிடிஓ (பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு நீட்சி) அதன் வழக்கமான அமைப்பில் எண்களையும் சரமாகவே திருப்பித் தந்தது. ஆகவே அந்த வாசலில் எண்ணாக மாற்றிய பிறகே ஃப்ரம்மிடம் கொடுக்க வேண்டும்.

வாசலைத் தாண்டிய பிறகு எல்லா ஃபங்ஷன்களும் வகையைக் கேட்கட்டும்:

```
ஃபங்ஷன் நினைவூட்டு(பதிவுநிலை $நிலை): வாய்ட்
```

இனி யாரும் இந்த ஃபங்ஷனுக்குச் சரத்தைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் டைப்எரர்.

ஒப்பிடும்போது

இரண்டு எனப் பொருள்களை ஒப்பிட ஈக்வல்ஸ் மெத்தட்டைப் பயன்படுத்துங்கள்: ‘$நிலை->ஈக்வல்ஸ்(பதிவுநிலை::ரத்து())’. கிளாஸும் மதிப்பும் இரண்டும் ஒன்றா என்று அது பார்க்கும்.

‘===’ போடாதீர்கள். லைப்ரரி முதல் அழைப்பில் ஒரு பொருளை உருவாக்கிச் சேமித்துக்கொள்கிறது. அடுத்தடுத்த அழைப்புகளில் அதன் பிரதியைத் தருகிறது. ஆகவே ‘பதிவுநிலை::ரத்து() === பதிவுநிலை::ரத்து()’ என்பது பொய். இரண்டு சமக்குறி போட்டால் மெய்யாகும், ஏனென்றால் அது உள்ளடக்கத்தை ஒப்பிடுகிறது. ஆனால் இரண்டு சமக்குறிக்கு வேறொரு குணம் உண்டு: வலப்பக்கம் வெறும் சரம் இருந்தாலும் பொருளைச் சரமாக்கி ஒப்பிட்டு மெய் என்றுவிடும். வாசலில் தடுத்த சரத்துக்குக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடுவது போல அது.

ஒரு மதிப்பைப் பார்த்துப் பல கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை ஸ்விட்சும் மேட்சும். இதே காரணத்தால் ஸ்விட்சிலிருந்து மேட்சுக்கு மாறுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஸ்விட்ச் இரண்டு சமக்குறியால் ஒப்பிடுகிறது, பிஎச்பி 8.0-இல் வந்த மேட்ச் மூன்று சமக்குறியால் ஒப்பிடுகிறது. ‘நவீனமாக்குகிறோம்’ என்று ஒரு ஸ்விட்சை மேட்சாக மாற்றினால், எந்தக் கிளையும் பொருந்தாமல் நேராக டிஃபால்ட்டுக்குப் போகும். டிஃபால்ட் எழுதியிருந்தால் பிழையும் வராது. மேட்ச் வேண்டுமென்றால் ‘$நிலை->கெட்வேல்யூ()’ மீது எழுதுங்கள்.

இன்னொன்று: ‘இஃப் ($நிலை)’ என்று எழுதாதீர்கள். அது பொருள், உள்ளே மதிப்பு 0 ஆக இருந்தாலும் எப்போதும் மெய்தான்.

விதிகளைக் கிளாஸுக்குள் கொண்டுவாருங்கள்

எனம் ஒரு கிளாஸ் என்பதால் அதற்கு மெத்தட்டுகள் எழுதலாம். ‘ரத்தான பதிவை மீண்டும் உறுதி செய்யக் கூடாது’ என்ற விதி என் செயலியில் நான்கு கோப்புகளில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. அதை இப்படி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன்:

```
பப்ளிக் ஃபங்ஷன் மாறலாமா(செல்ஃப் $புதியது): பூல்
{
    $வழிகள் = [
        செல்ஃப்::நிலுவை => [செல்ஃப்::உறுதி, செல்ஃப்::ரத்து],
        செல்ஃப்::உறுதி  => [செல்ஃப்::ரத்து],
        செல்ஃப்::ரத்து   => [],
    ];
    ரிட்டர்ன் இன்_அரே(
        $புதியது->கெட்வேல்யூ(),
        $வழிகள்[$திஸ்->கெட்வேல்யூ()],
        ட்ரூ
    );
}
```

கிளாஸுக்கு உள்ளே இருப்பதால் பிரைவேட் மாறிலிகளைச் சரங்களாகவே எடுத்தாள முடிகிறது. இந்தக் குறிப்பிட்ட அமைப்பு 8.1-க்கு மாறும்போது உடையும். அதைக் கீழே சொல்கிறேன்.

வெளியே அனுப்புவது எளிது. ஜேசனாக்கினால் மதிப்பு மட்டும் போகும். தமிழ் மதிப்புகளை வைத்திருந்தால் ஜேசன் ஃபங்ஷனுக்கு அன்எஸ்கேப்டு யூனிகோட் என்ற கொடியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துகள் எண்குறிகளாகப் போகும். பெறும் பக்கத்துக்கு அது பிரச்சினை இல்லை, ஆனால் பதிவேட்டைப் படிக்கும் மனிதருக்குக் கடினம். படிவத்தில் தெரிவுப் பட்டியல் காட்ட டூஅரே மெத்தட் பெயர்களையும் மதிப்புகளையும் சேர்த்துத் தரும்.

பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு லைப்ரரியோடு ஒரு ஒப்பீட்டுக் கிளாஸும் வருகிறது. அதைச் சோதனைகளின் தொடக்கக் கோப்பில் பதிவு செய்துவிட்டால், சோதனை தோற்கும்போது எந்த நிலை எதிர்பார்க்கப்பட்டது, எது வந்தது என்று படிக்கும்படி காட்டும்.

8.1-க்கு மாறுதல்

செயலி 8.1 அல்லது அதற்கு மேல் ஓடுகிறதென்றால் மொழியின் சொந்த எனத்துக்கு மாறுங்கள். லைப்ரரியின் ஆவணமே அதைத்தான் சொல்கிறது. பிரைவேட் மாறிலி, ஃபைனல் கிளாஸ் என்று ஒழுங்காக எழுதியவர்களுக்கு அறிவிப்பை மாற்றுவது ஐந்து நிமிட வேலை:

```
எனம் பதிவுநிலை: ஸ்ட்ரிங்
{
    கேஸ் நிலுவை = 'கோரிக்கை';
    கேஸ் உறுதி  = 'உறுதி';
    கேஸ் ரத்து   = 'ரத்து';
}
```

அழைக்கும் இடங்கள்தான் பல. ‘பதிவுநிலை::உறுதி()’ என்பதில் அடைப்புக்குறி போக வேண்டும். கெட்வேல்யூ மெத்தட் ‘->வேல்யூ’ ஆகவும், கெட்கீ மெத்தட் ‘->நேம்’ ஆகவும் மாற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. மொழியின் எனத்துக்குள் கால்ஸ்டாட்டிக் மாய மெத்தட்டை எழுத அனுமதி உண்டு. அதில் ஒரே வரி போதும்: வந்த பெயரை ‘செல்ஃப்::கிளாஸ் . '::' . $பெயர்’ என்று ஒட்டி, கான்ஸ்டன்ட் ஃபங்ஷனிடம் கொடுத்து, அது தருவதைத் திருப்பி அனுப்புங்கள். கெட்வேல்யூ, ஈக்வல்ஸ் ஆகியவற்றையும் சாதாரண மெத்தட்டுகளாகத் தற்காலிகமாக எழுதிவிடலாம். பழைய அழைப்பும் புதிய அழைப்பும் இரண்டும் ஓடும். கோப்பு கோப்பாக மாற்றிக்கொண்டு போகலாம்.

தற்காலிக ஏற்பாட்டால் காப்பாற்ற முடியாதவை மூன்று உண்டு. இவற்றைக் கையால்தான் தேட வேண்டும்.

மொழியின் எனத்தில் டூஸ்ட்ரிங் எழுத முடியாது. எனவே எனத்தைச் சரத்தோடு நேராக ஒட்டிய இடங்கள் எல்லாம் பிழையாகும். மின்னஞ்சல் வார்ப்புருக்களிலும் பதிவேட்டு வரிகளிலும் இவை ஒளிந்திருக்கும். சோதனைகள் அந்த இடங்களை எட்டுவது அரிது.

எனம் அணியின் சாவியாக இருக்க முடியாது. மேலே எழுதிய ‘$வழிகள்’ இதனால்தான் உடைகிறது. அங்கே ‘செல்ஃப்::நிலுவை’ இனிச் சரம் அல்ல. அதை மேட்சாக மாற்றி எழுதுங்கள். இப்போது ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே பொருள்தான் என்பதால் மூன்று சமக்குறியும் மேட்சும் சரியாக வேலை செய்யும். டிஃபால்ட் கிளையை எழுதாமல் விட்டால் இன்னும் நல்லது: நாளை நான்காவது நிலை ஒன்று வந்து, அதற்குக் கிளை எழுத மறந்துவிட்டால், அது அங்கே போய்ச் சேரும்போது அன்ஹேண்டில்டுமேட்ச்எரர் எழுந்து சொல்லும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ஃப்ரம் என்ற பெயர் இரண்டிலும் ஒன்றே, ஆனால் தவறான மதிப்பு வந்தால் லைப்ரரி எழுப்பியது ஓர் எக்செப்ஷன். மொழி எழுப்புவது வேல்யூஎரர். அது எரர் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘கேட்ச் (எக்செப்ஷன் $பிழை)’ என்று எழுதி வைத்திருந்தால் அது பிடிபடாமல் நழுவிப்போய்ச் செயலியை நிறுத்திவிடும். வாசல்களில் உள்ள ஒவ்வொரு கேட்சையும் பாருங்கள். படிவம் போன்ற இடங்களில் ட்ரைஃப்ரம் பயன்படுத்துங்கள். அது தவறான மதிப்புக்கு ‘நல்’ (மதிப்பு ஏதும் இல்லை என்ற குறி) தரும், எதையும் எழுப்பாது.

நார்மலைசர் வரி அப்படியே இருக்கட்டும். எந்த எனம் வந்தாலும் 24-ம் 27-ம் வேறுதான்.

எல்லாம் மாறிய பின் ‘கம்போசர் ஒய்’ கட்டளையோடு லைப்ரரியின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். வேறொரு தொகுப்பு அதைச் சார்ந்திருந்தால் அதன் பெயர் வரும். அப்போதும் உங்கள் கம்போசர் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கிவிடலாம், தேவைப்படும் தொகுப்பு தானே அதை வைத்துக்கொள்ளும். உங்கள் செயலியைத் தவிர வேறு பெயர் எதுவும் வராவிட்டால் ‘கம்போசர் ரிமூவ்’.